அப்கிரேடுக்குப் பணம் கட்டும் முன்: சென்னையிலிருந்து நெடுந்தூரம் பறப்பவர்களுக்கு

மலைக்கோட்டை விரைவு ரயிலில் சில நூறு ரூபாய் கொடுத்து, இரவெல்லாம் காலை நீட்டிப் படுத்து, விடிந்ததும் திருச்சியில் இறங்குகிறவர்கள் நாம். அதே கால்களை விமானத்தில் நீட்ட, எகானமி என்ற சாதாரண வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்கு மாறும் அப்கிரேடுக்கு, லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். சில நேரம் கொடுக்கலாம். பல நேரம் கொடுக்கக் கூடாது. எப்போது எது என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு பயணங்களும் கணிசமான பணமும் செலவாயின. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

முதல் பாடம் அம்மாவோடு போனபோது கிடைத்தது. சென்னையிலிருந்து வளைகுடா வழியாக சான் பிரான்சிஸ்கோ. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது விமான நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது: பிசினஸ் வகுப்புக்கு ஏலம் கேட்கலாம் என்று. கேட்டேன், கிடைத்தது, அட்டையிலிருந்து பணமும் போனது. அகலமான இருக்கையில் அமர்ந்து, துணி விரித்த தட்டில் காலை உணவு முடித்து, இருக்கையைப் படுக்கையாக்கும் பொத்தான் எது என்று கண்டுபிடிப்பதற்குள் விமானம் தரையிறங்கிவிட்டது. 4 மணி நேரப் பயணம். அடுத்த 15 மணி நேரத்துக்கும் மேல் எகானமியின் நடு வரிசையில் கழிந்தது. நான் பணம் கட்டியது முதல் துண்டுக்கு, அதாவது வளைகுடா வரைக்கும் மட்டும் என்பது இரண்டாவது போர்டிங் பாஸைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது. "இந்தப் பணத்துக்கு ஒரு பவுன் வாங்கியிருக்கலாமே" என்றார் அம்மா. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

1. பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு இடைநில்லா விமானம் கிடையாது. எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். எங்கே மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அப்கிரேடுக்குப் பொருள் உண்டா இல்லையா என்பது இருக்கிறது.

துபாய், தோஹா, அபுதாபி வழியாகப் போனால் முதல் துண்டு சுமார் 4 மணி நேரம். இரண்டாவது, அமெரிக்காவின் எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, 14 முதல் 16 மணி நேரம். இங்கே யோசிக்கவே தேவையில்லை: பணம் போட்டால் இரண்டாவது துண்டுக்கு மட்டும் போடுங்கள். சிங்கப்பூர் வழியும் அப்படித்தான். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டும் நேரடி விமானம் 18 மணி நேரத்துக்கும் மேல் பறக்கிறது. அதற்கான நெடுந்தூர ஏர்பஸ் ஏ350 ரக விமானத்தில் எகானமி வகுப்பே இல்லை, முதல் வகுப்பும் இல்லை. பிசினஸ் 67, எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமி 94, அவ்வளவுதான். சாதாரண இருக்கையில் அவ்வளவு நேரம் ஆட்களை உட்கார வைக்க முடியாது என்று விமான நிறுவனமே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

லண்டன், பிராங்பர்ட் வழியில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனால் இரண்டு துண்டும் ஏறத்தாழ சம நீளம், தலா 10, 11 மணி நேரம். இதில் ஒன்றுக்கு மட்டும் காசு இருந்தால் எதற்குப் போடுவது? கடிகாரத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகின்றன. விமான நிலைய வரிசைகளில் நின்று களைத்து, உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் நேரம் அது. அங்கிருந்து அமெரிக்கா போகும் இரண்டாவது துண்டு பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில். படம் பார்த்தே கழித்துவிடலாம். எனவே முதல் துண்டு. திரும்பி வரும்போது இந்தக் கணக்கு மாறும். அமெரிக்காவில் மாலையில் ஏறுகிற முதல் துண்டுதான் அப்போது உங்கள் இரவு.

ஒரு பொறி. பயணத் தளங்களில் "பிசினஸ்" என்று தேடும்போது திடீரென்று மலிவாக ஒரு டிக்கெட் தெரியும். திறந்து பார்த்தால் 4 மணி நேரத் துண்டு பிசினஸ், 15 மணி நேரத் துண்டு எகானமி என்று இருக்கும். சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வகுப்பு என்ன என்று தனித்தனியாகப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

2. பெயரை நம்பாதீர்கள், இருக்கையைப் பாருங்கள்

"முதல் வகுப்பு" என்ற சொல்லுக்கு ஊருக்கு ஒரு பொருள். அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் முதல் வகுப்பு என்பது பெரும்பாலும் கொஞ்சம் அகலமான, கொஞ்சம் சாயக்கூடிய நாற்காலி, படுக்கை அல்ல. ஐரோப்பாவுக்குள் பறக்கும் குட்டி விமானங்களில் பிசினஸ் என்பது அதே எகானமி இருக்கை, நடு இருக்கையை மட்டும் காலியாக விடுவார்கள். உங்கள் கடைசித் துண்டு இப்படி ஒன்றாக இருந்தால் அதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

கண்டம் தாண்டும் விமானங்களில் உண்மையான முதல் வகுப்பு குறைந்துகொண்டே வருகிறது. யுனைடெட் நிறுவனத்தின் வெளிநாட்டு விமானங்களில் போலாரிஸ் என்ற பிசினஸ்தான் உச்சம். கத்தார் ஏர்வேஸில் ஏ380 ரகத்தைத் தவிர மற்றவற்றில் முதல் வகுப்பு இல்லை. எமிரேட்ஸ், சிங்கப்பூர், லுப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவை சில ரகங்களில் மட்டும் வைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் விமானத்தில் அது இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அடுத்து, இருக்கை வரைபடம். பயண எண்ணையும் தேதியையும் கொடுத்து நிறுவனத்தின் செயலியிலேயே பார்க்கலாம். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முழுதும் கிடையாகப் படுக்கிறதா? சில பழைய இருக்கைகள் சரிவாகத்தான் படுக்கும்; இரவு முழுக்கக் கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். பிரீமியம் எகானமி எந்த நிறுவனத்திலும் படுக்கையாகாது. எகானமியில் வரிசைக்கு வரிசை இடைவெளி 31, 32 அங்குலம் என்றால் அதில் 38 முதல் 40 வரை கிடைக்கும். பகல் பயணத்துக்கு நல்லது. இரவுக்கு, ரயிலின் ஆர்.ஏ.சி. இருக்கைக்குக் காசு அதிகம் கொடுத்ததுபோல.

வரிசையில் எத்தனை பேர்? 1-2-1, அதாவது ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, மறு ஜன்னலோரம் ஒன்று என்றிருந்தால் எல்லாரும் யாரையும் தாண்டாமல் நடைபாதைக்கு வரலாம். எமிரேட்ஸின் புதுப்பிக்கப்படாத போயிங் 777களில் பிசினஸ் வகுப்பே 2-3-2. அத்தனை பணம் கட்டியும் நடு இருக்கையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸின் பழைய பிசினஸ் அமைப்பில் ஜன்னலோரம் இருப்பவர் கழிப்பறைக்குப் போகப் பக்கத்தில் தூங்குபவரின் காலைத் தாண்ட வேண்டும். 2019இல் வந்த புதிய அமைப்பில் அந்தத் தொல்லை இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும், வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய.

எந்த ரக விமானம்? இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பழைய ரகங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி மலை மேல் இருப்பதற்குச் சமம் வரை போகும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் அது 6,000 அடி அளவில் நிற்கும். ஈரப்பதமும் சற்று அதிகம். இறங்கும்போது வரும் தலைவலியும் தொண்டை வறட்சியும் எனக்கு இதில் கண்கூடாகக் குறைந்தன. இந்த வசதி எகானமியில் இருப்பவருக்கும் இலவசம். எகானமியில் போவதென்றால் இன்னொன்றும் உண்டு: 777இல் 3-4-3 என்று 10 பேரை நெருக்குகிறார்கள், ஏ350இல் பெரும்பாலும் 9 பேர். தேதியை ஒரு நாள் மாற்றி நல்ல ரகத்தைப் பிடித்தால் அரைப் பங்கு அப்கிரேடு சும்மா கிடைத்த மாதிரி.

3. ஒரு மணி நேரத் தூக்கம் என்ன விலை?

லவுஞ்ச் எனும் விமான நிலைய ஓய்வறை, வெள்ளித் தட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடும் பணிப்பெண் எல்லாம் விளம்பரத்துக்கு அழகு. நீங்கள் உண்மையில் வாங்குவது படுத்துத் தூங்கும் மணி நேரங்களை. ஒரு தாளை எடுத்து இப்படிப் போடுங்கள்.

15 மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். ஏறி உயரம் பிடிக்க, இறங்கத் தயாராக என்று இரண்டு மணி நேரம் போய்விடும். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம். மிச்சம் 10. அதில் படுக்கையில் 6, 7 மணி நேரம் தூங்குவீர்கள். எகானமியில் கழுத்தைத் தொங்கப்போட்டு நான் 3 மணி நேரம் தூங்குகிறேன்; உங்கள் எண் வேறாக இருக்கலாம், அதை நேர்மையாக எழுதுங்கள். வித்தியாசம் 4 மணி நேரம். அப்கிரேடு 90,000 ரூபாய் என்றால் ஒரு மணி நேரத் தூக்கம் 22,500 ரூபாய். அந்த விலைக்கு வேண்டுமா? மறுநாள் காலை இறங்கியதும் வேலைக்கான நேர்காணல், அல்லது அறுவை சிகிச்சை முடிந்த உடம்பு என்றால் வேண்டும் என்பேன். இறங்கிய பின் மூன்று நாள் மகன் வீட்டு சோபாவில்தான் என்றால் வேண்டாம்.

இதே கணக்கை 4 மணி நேரத் துண்டுக்குப் போட்டால் சிரிப்பு வரும். ஏற்றம், சாப்பாடு, இறக்கம் போக ஒன்றரை மணி நேரம்கூடத் தேறாது. நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

பிசினஸிலிருந்து முதல் வகுப்புக்கு இன்னும் பணம் கேட்டால்? தூக்க மணி நேரம் அதேதான். எமிரேட்ஸ் ஏ380இன் முதல் வகுப்பில் வானத்திலேயே குளிக்கலாம், கதவு மூடிய அறை, நினைத்த நேரத்தில் சாப்பாடு. ஆசைக்கு ஒரு முறை போகலாம். தேவைக்கு என்று சொல்லி உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். விமான நிறுவனம் தரும் மைல்கள் என்ற புள்ளிகள் காலாவதியாகும் நிலையில் கையில் இருந்தால் மட்டும் எனக்கு அது சரியென்று படுகிறது.

வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். இந்தியாவில் எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. பிரீமியம் எகானமி, பிசினஸ், முதல் வகுப்பு ஆகியவற்றுக்கு முன்பு 12 இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. 2,50,000 ரூபாய் அடிப்படைக் கட்டணத்துக்கு வரி மட்டும் 45,000. தேடல் பக்கத்தில் தெரியும் எண்ணையல்ல, கடைசியாகப் பணம் கட்டும் பக்கத்தில் தெரியும் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். லண்டனில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கிப் போகிறவர்களுக்கு இன்னொரு அடி: பிரிட்டன் வசூலிக்கும் விமானப் பயணி வரி, எகானமியைவிட மேல் வகுப்புகளுக்கு இரு மடங்குக்கும் அதிகம்.

4. யாருக்காக வாங்குகிறீர்கள்?

வயதான பெற்றோருக்காகத்தான் நம்மில் பலர் இதை யோசிக்கிறோம். சக்கர நாற்காலி உதவி கிடைக்கும் என்பதற்காக வகுப்பை உயர்த்த வேண்டியதில்லை. அது எகானமிக்கும் இலவசம். 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவைத்தால் போதும். சொல்லும்போது படி ஏற முடியுமா, முடியாதா என்று தெளிவாகச் சொல்லுங்கள், அதற்கேற்ப வேறு வேறு குறியீடு பதிவாகும். படி ஏற முடியாத அம்மாவுக்கு "நடப்பார், தூரம்தான் முடியாது" என்ற குறியீட்டைப் போட்டுவிட்டால் ஏணிப்படி வைத்த விமானத்தின் அடியில் நின்று தவிக்க நேரிடும்.

காலில் ரத்தம் உறைவதைப் பற்றிய பயமும் பலரைப் பணம் கட்ட வைக்கிறது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6,000 பேருக்கு ஒருவர். காரணம் அசையாமை. பிசினஸில் 9 மணி நேரம் அசையாமல் கிடந்தாலும் அசையாமைதான். நடைபாதை ஓர இருக்கை, இரண்டு மணிக்கொரு நடை, தண்ணீர், மருத்துவர் சொன்னால் அழுத்தக் காலுறை. ஏற்கெனவே ரத்த உறைவு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு என் கருத்து: முன் சுவரோர வரிசையில் தொட்டில் மாட்டும் இடம் எகானமியிலேயே உண்டு. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நீண்ட வரிசைக்குப் பயந்து அப்கிரேடு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) விமான நிலையக் குடியேற்றச் சோதனையை விரைவாக முடிக்கும் திட்டம் ஒன்றை மத்திய உள்துறை அமைச்சகம் நடத்துகிறது. 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகையும் முகமும் ஒரு முறை பதிந்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். கட்டணம் இல்லை. கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். பயணத்துக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

5. எப்போது, எந்த வழியில் வாங்குவது

டிக்கெட் எடுக்கும் அன்றே இரண்டு வகுப்புகளின் விலையையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எந்தச் சலுகையும் உண்மையில் சலுகையா என்று பார்க்க அந்தக் காகிதம்தான் அளவுகோல். எகானமியிலேயே மிக மலிவான கட்டணப் பிரிவை எடுத்தால் மைல்கள் கொண்டு உயர்த்த முடியாது என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அப்கிரேடு எண்ணம் இருந்தால், சில ஆயிரம் அதிகமானாலும் அடுத்த பிரிவை எடுப்பது நல்லது. இன்னொன்று: ஒரு நிறுவனத்திடம் டிக்கெட் வாங்கி வேறு நிறுவனத்தின் விமானத்தில் பறக்கும் ஏற்பாடு என்றால் அப்கிரேடு பெரும்பாலும் நடக்காது. யார் விமானத்தை ஓட்டுகிறார்கள் என்ற வரியைப் படியுங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் ஏல அழைப்பு வரும். பயண முகவர் வழியாக எடுத்திருந்தால் மின்னஞ்சல் அவருக்குப் போய்விடும். அதனால் நீங்களே நிறுவனத்தின் தளத்தில் முன்பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏலத்தில் கவனிக்க வேண்டியவை நிறைய, நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான்.

திரையில் தெரியும் தொகை ஒரு ஆளுக்கு, ஒரு துண்டுக்கு. இரண்டு பேர் என்றால் இரண்டால் பெருக்குங்கள். ஒவ்வொரு துண்டுக்கும், இழுத்துத் தொகையைக் கூட்டிக் குறைக்கும் தனிக் கோடு இருக்கும். வேண்டாத துண்டைப் பூஜ்யத்தில் விடுங்கள். ஒரே முன்பதிவில் இருக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் பொதுவாகக் கேட்க முடியும். அம்மாவுக்கு மட்டும் வேண்டுமென்றால் முன்பதிவைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். அப்படிப் பிரித்தால் விமானம் ரத்தாகும்போது உங்களை வேறு விமானத்திலும் அம்மாவை வேறு விமானத்திலும் போட்டுவிடக்கூடும். நான் பிரிக்கவில்லை.

முடிவு பெரும்பாலும் புறப்படுவதற்கு மூன்று நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தெரியும். ஏற்றுக்கொண்ட நொடியில் அட்டையில் பணம் போய்விடும். மனம் மாறினால் திரும்ப வராது. எவ்வளவு கேட்பது? நிறுவனம் காட்டும் "வலுவான ஏலம்" என்ற பச்சை அம்புக்குறியைப் பார்த்து ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். மூன்றாம் படியில் போட்ட தூக்கக் கணக்கிலிருந்து உங்கள் உச்சத் தொகையை முதலிலேயே எழுதுங்கள். இருக்கை வரைபடத்தில் பிசினஸ் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் குறைந்தபட்சத்துக்குச் சற்று மேலே போதும். மாட்டுச் சந்தையில் துண்டு மூடி விரல் பிடித்துப் பேரம் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு பச்சை அம்புக்குறிக்கு மயங்கலாமா?

இணையவழி செக்-இன் திறந்ததும் நிலையான விலையில் ஒரு சலுகை தெரியலாம். கவுன்டரிலும் கேட்கலாம்: "இன்று அப்கிரேடு இருக்கிறதா, எந்தத் துண்டுக்கு, வரியோடு எவ்வளவு?" இந்த மூன்றும் ஒரே மூச்சில். கோட் போட்டுக்கொண்டு போனால் இலவசமாக ஏற்றிவிடுவார்கள் என்பதெல்லாம் கதை. எகானமி நிரம்பி வழிந்தால் அடிக்கடி பறக்கும் உறுப்பினர்களைத்தான் முதலில் மேலே தூக்குவார்கள்.

மைல்கள் இருந்தால்: உயர்த்துவதற்குச் செலவாகும் மைல்களையும், அதே பிசினஸ் டிக்கெட்டை முழுக்க மைல்களிலேயே எடுக்க ஆகும் எண்ணையும் அருகருகே வையுங்கள். இரண்டாவது பல நேரம் புத்திசாலித்தனமாக இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்பிளையர் மைல்கள் 36 மாதத்தில் காலாவதியாகும். ஏவியோஸ் புள்ளிகள் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கும் கத்தாருக்கும் பொது.

6. கையில் இருக்க வேண்டியவை

6 எழுத்து, எண் கொண்ட முன்பதிவுக் குறியீடு. 13 இலக்க மின்டிக்கெட் எண். அப்கிரேடு ஆனபின் இந்த எண் மாறக்கூடும், பழையது, புதியது இரண்டையும் வைத்திருங்கள். உங்கள் கட்டணப் பிரிவின் விதிகள் எழுதிய பக்கத்தின் படம். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர். அப்பா பெயர், முதலெழுத்துக் குழப்பத்தால் மைல்கள் கணக்கிலுள்ள பெயரும் டிக்கெட்டிலுள்ள பெயரும் ஒத்துப்போகாமல் பல தமிழர்களுக்கு அப்கிரேடு நின்றுபோகிறது. இதை இன்றே சரிசெய்யுங்கள், கவுன்டரில் முடியாது.

பணம் கட்டும் அட்டை. ஏலத் தொகை சில நேரம் டாலரிலோ திர்ஹாமிலோ பிடிக்கப்படும். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்களே இயக்கிவைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏலம் வென்றும் பணம் பிடிக்க முடியாமல் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். நாணய மாற்றுக் கட்டணமாக வங்கி எடுப்பதையும் விலையில் சேருங்கள். அமெரிக்காவிலிருக்கும் மகன் தன் அட்டையில் பெற்றோருக்கு வாங்கினால், அட்டையைக் காட்டச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் சரிபார்ப்பை முடித்து, முடிந்தது என்ற மின்னஞ்சலை அச்செடுத்து அம்மாவின் கைப்பையில் வையுங்கள்.

7. கிடைத்தவுடன் மீண்டும் சரிபாருங்கள்

வகுப்பு மாறும்போது டிக்கெட் மறுபடி எழுதப்படுகிறது. அப்போது பழைய கோரிக்கைகள் உதிர்ந்துபோகும். இரண்டாம் முறை அப்கிரேடு சரியாகக் கிடைத்து, நான் பெருமையாக அமர்ந்திருந்தபோது அம்மாவின் சைவ உணவுப் பதிவு காணாமல் போயிருந்தது. அந்த ஆடம்பர வகுப்பில் அம்மா ரொட்டியும் பழமும் சாப்பிட்டார். ஆகவே அன்றே தொலைபேசியில் அழைத்து நான்கையும் கேளுங்கள்: உணவு, சக்கர நாற்காலி, இருக்கை எண், எகானமியில் தனியாகப் பணம் கட்டி எடுத்த இருக்கைக்கான தொகை திரும்புமா என்பது. இந்திய சைவ உணவுக்கு ஏ.வி.எம்.எல். என்ற குறியீடு, அதைச் சொன்னால் குழப்பம் இல்லை.

பெட்டி எடை அடுத்தது. அமெரிக்கப் பயணங்களில் எகானமிக்கு வழக்கமாக 23 கிலோ பெட்டிகள் இரண்டு, பிசினஸுக்கு 32 கிலோ பெட்டிகள் இரண்டு. ஏலத்தில் உயர்ந்தவர்களுக்குப் பழைய எகானமி அளவே என்று சில நிறுவனங்கள் சொல்லும். லவுஞ்ச் அனுமதியும் அப்படியே. ஊறுகாய், பொடி வகையறாவை 32 கிலோவுக்கு அடுக்கிய பிறகு கவுன்டரில் இது தெரியவந்தால் பெட்டியைத் தரையில் திறந்துவைத்துப் பிரிக்கும் காட்சி அரங்கேறும்.

8. பணம் கட்டிய பிறகு கீழே இறக்கினால்

விமானம் மாறினால் இது நடக்கும். வாய்மொழி மன்னிப்போடு விட்டுவிடாதீர்கள். கவுன்டரிலேயே எழுத்தில் வாங்குங்கள், பழைய, புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் படம் எடுங்கள்.

இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரி 15 முதல் கொண்டுவந்த விதிப்படி, விருப்பமின்றி வகுப்பு இறக்கப்பட்டவருக்கு வெளிநாட்டுப் பயணங்களில் டிக்கெட் தொகையில், வரி உட்பட, 1,500 கிலோமீட்டர் வரை 30 விழுக்காடு, 3,500 வரை 50, அதற்கு மேல் 75 விழுக்காடு திரும்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் விதியிலும் இதே 30, 50, 75 உண்டு. 7 நாளுக்குள் தர வேண்டும். அங்கிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும், அங்கே வந்துசேரும் ஐரோப்பிய நிறுவன விமானங்களுக்கும் அது பொருந்தும். அமெரிக்காவில் கட்டண வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். ஏலத்தில் கட்டிய தொகையைத் தனிக் கோரிக்கையாக எழுதுங்கள். அதற்கான ரசீது டிக்கெட்டிலிருந்து வேறாக இருக்கும்.

9. வேண்டாம் என்று முடிவெடுத்தால்

அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் செலவழித்து நிறைய வாங்கலாம். கால் நீட்ட இடமுள்ள எகானமி இருக்கை. பக்கத்து இருக்கையைக் காலியாக வைக்கும் ஏற்பாடு. சில நிறுவனங்கள் இதையும் விற்கின்றன. அவசர வழி அருகே உள்ள வரிசை முதியவர்களுக்குத் தரமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நாங்கள் கடைசியாகச் செய்தது வேறு. வளைகுடாவில் 20 மணி நேர இடைவெளி விட்டு டிக்கெட் எடுத்து, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் தங்கினோம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் அது தங்கல் என்று கணக்காகிக் கட்டணம் மாறும், எனவே அதற்குள். துபாயில், செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ பச்சை அட்டையோ வைத்திருக்கும் இந்தியர்கள் வந்திறங்கியதும் 14 நாள் விசா வாங்கலாம். மற்ற நகரங்களுக்கு விதி வேறாக இருக்கலாம், டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். பெட்டிகள் கடைசி ஊருக்கு நேராகப் போய்விடும் என்பதால் மாற்று உடை, மாத்திரை, பல்துலக்கி ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். அம்மா குளித்து, ஏழு மணி நேரம் கட்டிலில் தூங்கி எழுந்தார். அறை வாடகையைக் கேட்டதும், பவுன் கணக்கு போடாமல், கீழே காபி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.